பதினேழாம் எண்ணின் ரெக்கார்டு நோட்டு

காலை எட்டேமுக்காலுக்கு இருபத்துநான்கு எந்திரன்களும் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தன. மின்கலம் வீங்கி இரண்டு நாள் வராமலிருந்த ஒன்பதாம் எண், பணிமனையிலிருந்து மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்திருந்தது. வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் எந்திரனுக்கும் தேர்வு கிடையாது. செவ்வாய்க் கிரகத்தில் இருந்தால் மட்டும் என்ன, பொறியியல் கல்லூரி பொறியியல் கல்லூரிதான்.

கண்ணாடிக் கூரைக்குள் அடைந்த கூரைநகரின் ஆறாயிரம் பேருக்கும் மூச்சுக்காற்று தருவது ஒரே ஒரு காற்று நிலையம். அதை நடத்தும் நிரலைப் பட்டம் பெறாத யாரும், எதுவும் தொடக்கூடாது என்பது சட்டம். அங்கிருந்த ஒரே கணினி வல்லுநர் வெள்ளிக்கிழமைக் கப்பலில் பூமிக்குத் திரும்புகிறார். அவர் இடத்துக்கு ஓர் எந்திரனைத் தேற்றித் தரும் பொறுப்பு விரிவுரையாளர் அங்கயற்கண்ணியின் தலையில் விழுந்திருந்தது. அவளுடைய ஆறு வயது மகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறாள்.

பாடத்திட்டம் பூமியில் ஒப்புதலாகி இங்கே வந்து சேர்வதற்குள் பாதி பழசாகிவிடும். அதையாவது சகித்துக்கொள்ளலாம். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டுகள் மொத்தமும் இந்த எந்திரன்களின் நினைவகத்தில் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏழாம் பயிற்சியில் காற்றிலுள்ள உயிர்வளி அளவு 21 விழுக்காடு என்று சீனியர் எழுதியிருந்தால், நிரலை ஓட்டாமலே இவையும் 21 என்று முத்து முத்தாக எழுதிவைத்தன. எரிச்சல் தாங்காமல் இந்தப் பருவம் அவள் அந்த நிரலில் ஒரு பிழையைப் புகுத்தினாள். காற்று நிலையத்தில் அடிக்கடி வரும் அதே பிழை. ஓட்டிப் பார்த்தால் 18 வரும். ஓட்டினால்தானே!

இதற்கிடையில் தரச்சான்று ஆய்வுக் குழு வந்திறங்கியது. ஒரே பிற்பகலில் இருநூற்றெண்பத்தெட்டுப் பயிற்சிகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள், திருத்தி எழுதி வந்த இறுதி விடைப்பட்டியலைப் பார்த்தபோது ஏழாம் பயிற்சிக்கு இருபத்துநான்கிலும் 21.

“சார், ஒண்ணுக்குக்கூட பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியல. இதுங்களை நம்பி ஊரை எப்படி விடுறது?” என்று துறைத்தலைவர் சவரிராயனிடம் வெடித்தாள்.

“கண்டுபிடிக்கிறதுக்கு மார்க் இல்லீங்களே மேடம். ரெக்கார்டு முடிஞ்சுதா, அதைச் சொல்லுங்க. கையெழுத்து நல்லா இருக்கிற ஒண்ணை அனுப்பிவிடுங்க, போதும்.”

கையெழுத்து நன்றாக இருந்தது பதினேழாம் எண்ணுக்கு. அதுவே காற்று நிலையத்துக்குப் போனது.

திங்கட்கிழமை காலை, மகள் சாப்பாட்டுத் தட்டின்மேலேயே தூங்கி விழுந்தாள். உலுக்கி எழுப்பினாலும் கண் சொருகியது. அங்கயற்கண்ணி மூச்சிரைக்கக் காற்று நிலையத்துக்கு ஓடினாள். திரையில் உயிர்வளி 18. பதிவேட்டில் மணிக்கு மணி 21, 21, 21.

“திரையில பதினெட்டுன்னு காட்டுதே, தெரியலையா உனக்கு?” என்று பதினேழைப் பார்த்துக் கத்தினாள்.

“நல்லாத் தெரியுது மேடம். ராத்திரியிலிருந்தே காட்டுது.”

“பின்னே ஏன் இருபத்தொண்ணுன்னு எழுதித் தொலைச்ச?”

பதினேழு தன் ரெக்கார்டு நோட்டை எடுத்து ஏழாம் பயிற்சியைப் பிரித்துக் காட்டியது. வெளியீடு 18 என்றிருந்தது. பிழை எந்த வரியில் இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று அரைப்பக்கத்துக்கு விளக்கம். எல்லாவற்றின் மேலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘விடை தவறு. மற்றவர்களுடையதைப் பார்த்துத் திருத்தி எழுதுக.’ அடியில் அவளுடைய சுருக்கொப்பம்.

அவள் அந்த அரைப்பக்கத்தைப் பார்த்தே நிரலைத் திருத்தினாள். நான்கு நிமிடத்தில் எண் ஏறத் தொடங்கியது. 19. 20. மகளின் முகம் நினைவுக்கு வந்து அழுகை முட்டியது.

பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். 18 என்று மாற்றினால் விசாரணை வரும். பதினேழின் நோட்டைக் கேட்பார்கள். கல்லூரியின் தரச்சான்று போகும், அவள் வேலையும் போகும். இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே.

21களுக்குக் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினேழு எட்டிப் பார்த்தது.

“தேதி போடலையே, மேடம்.”