ஜெப நேரத்தில் போன கைபேசி

மசீனா போலீஸ் நிலையத்துக்குள் வந்து நின்றபோது, சார்ஜண்ட் ஃபிலெமோனி ஆறிப்போன கோக்கோவைக் குடிப்பதா கொட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். உபோலு தீவின் தெற்குக் கரையில் முன்பெல்லாம் பன்றி காணோம், படகு காணோம் என்றுதான் வருவார்கள். இப்போது எல்லாம் போன். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்கு முதுகு வலிக்கும். அலைந்து திரிந்து கண்டுபிடித்தால் அது சித்தப்பா மகன் பையில் இருக்கும். புகார் கொடுத்தவரே வந்து, வழக்கெல்லாம் வேண்டாம் ஐயா என்று கையைப் பிடிப்பார். அவருக்கு அலுத்துவிட்டது.

"போனா?" என்றார்.

"போன்தான் ஐயா. ஆனா போன் போனா போகட்டும், எனக்கு அதுல வர்ற அழைப்புதான் வேணும்." மசீனாவின் குரல் உடைந்தது. "ஆப்பிள் பறிக்கிற ஏழு மாச வேலைக்கு ஆஸ்திரேலியாலேர்ந்து இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா என் இடம் அடுத்த ஆளுக்கு. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். அவ்வளவுதான், முடிஞ்சது."

கான்ஸ்டபிள் தைமனே அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆபியா நகரத்துப் பெண். இங்கே வந்தது முதல் ஒரு நல்ல திருட்டுக்காகத் தவமிருப்பவள். "அடுத்த ஆள் யாரு அக்கா?"

"என் ஓர்ப்படி எசேத்தா. ஒரே வீடுதான்."

தைமனே சார்ஜண்டைப் பார்த்த பார்வையில் வழக்கு முடிந்திருந்தது. அவர் பார்க்காதது போலக் கோக்கோவை ஜன்னல் வழியாகக் கொட்டினார்.

"எப்ப காணாம போச்சு?"

"நேத்து சாயங்காலம், வீட்டு ஜெபத்துல. பேட்டரி உயிர் போற நிலைமைல இருந்துச்சு. மணி அடிக்கிறப்பதான் ஓடிப்போய் சார்ஜ்ல போட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா ஒயர் மட்டும் தொங்குது. சைக்கிள்ல ஒரு பையன் ரோட்டுல பறந்தான், அவன்தான் எடுத்திருப்பான்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார்."

"ஒயரை எங்க சொருகியிருந்தே?"

"எங்க வீட்டுக்காரர் சாய்ஞ்சு உட்கார்ற தூண்லதான் பிளக் இருக்கு. வேற எங்க?"

வழக்கமான கேள்விகளை ஃபிலெமோனி கொட்டாவியோடு கேட்டார். ரகசிய எண் போட்டிருக்கிறதா? இல்லை. "சுவரே இல்லாத வீட்டுல போனுக்கு மட்டும் பூட்டுப் போட்டா, என்னத்தை மறைக்கிறேன்னு கேக்க மாட்டாங்களா?" கருவியின் எண் அச்சடித்த அட்டைப்பெட்டி? இருக்கிறது, அதில் ஊசிநூல் போட்டு வைத்திருக்கிறாள். இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி? அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த மருமகன் நியூசிலாந்தில் இருக்கிறான். கடவுச்சொல் அவனுக்கே மறந்துபோயிற்று.

"நல்லா இருக்கு போ," என்றவர், தன் பழைய பொத்தான் போனை எடுத்து அவளுடைய எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவர் முகத்திலிருந்த தூக்கம் சற்றே கலைந்தது.

"சிம்மை உடனே முடக்கிடலாம் சார்!" என்றாள் தைமனே.

"ஐயோ, வேண்டாம்! அப்புறம் அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

"முடக்கணும்மா. ஆனா அதே எண்ணுக்கு வேற சிம் தருவாங்க," என்றார் ஃபிலெமோனி. "இன்னைக்கே செஞ்சா இன்னைக்கே உயிர் வரும். அடையாளத்துக்கு ஏதாவது வெச்சிருக்கியா?"

மசீனா கழுத்துக் கயிற்றை இழுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் புத்தம்புது பாஸ்போர்ட். அதை அவள் இரவிலும் கழற்றுவதில்லை போலிருந்தது.

போன் கடையில் வரிசை, மின்வெட்டு, கையெழுத்து என்று காலை கரைந்தது. ஒருவழியாகப் புது சிம் சார்ஜண்டின் பொத்தான் போனுக்குள் போனதும் தைமனே கேட்டாள்: "எண்தான் வந்துடுச்சே சார், இனி வீட்டுக்குப் போகணுமா?"

"போகணும். இன்னைக்கு போன் போச்சு. சும்மா விட்டா நாளைக்கு பாஸ்போர்ட் போகும்."

மசீனா தலை குனிந்துகொண்டாள்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மசீனாவின் கணவர் புலோத்து, சபையின் மூப்பர், தன் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் எசேத்தா, பிள்ளைகளுக்கு நடுவில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பொத்தான் போனைப் பாயில் மசீனாவின் முன் வைத்துவிட்டு ஃபிலெமோனி மெல்லக் கால்களை மடக்கி உட்கார்ந்தார்.

"என்னைத்தானே சந்தேகப்படுறீங்க?" எசேத்தா வெடித்தாள். "கேளுங்க! நல்லாக் கேளுங்க! அவ போகலைன்னா நான் போவேன், அதுல எனக்கு வெக்கமில்லை. ஆனா திருடித்தான் போகணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

"உன்னை யாரும்மா சொன்னது?" என்றார் ஃபிலெமோனி. "நீ அங்கேயிருந்து இந்தத் தூணுக்கு வரணும்னா, ஜெபம் பண்ற பெரியவர் முன்னாடி வீட்டைக் குறுக்கே கடந்து வரணும். நம்ம ஊர்ல எந்தப் பொம்பளை அதைச் செய்வா? அப்படியே வந்தாலும், ஜெபத்துல கண்ணை மூடுற பிள்ளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. உன் பிள்ளைங்க சிரிச்சே காட்டிக் கொடுத்திருக்கும்."

பிள்ளைகள் இப்போதே சிரித்தன.

"அப்போ அந்த சைக்கிள் பையன்?" தைமனே விடவில்லை.

"ஆபியாக்காரி நீ, உனக்குத் தெரியாது. ஜெப மணி அடிச்சா இந்த ஊர் ரோட்டுல நாய்தான் நடக்கும். ரெண்டு முனைலயும் ஊர் வாலிபர்கள் காவலுக்கு நிக்கிறாங்க. சைக்கிள்ல ஒருத்தன் பறந்திருந்தா, அவன் வீட்டுப் பன்றி இந்நேரம் அபராதமா அடுப்புல வெந்திருக்கும். அப்படி எவனும் வரலை. வந்தான்னு சொன்னது ஒரே ஒருத்தர்."

ஃபிலெமோனி புலோத்துவைப் பார்க்காமல், பாயைப் பார்த்தே பேசினார்.

"விக்கிறதுக்குத் திருடுறவன் முதல் வேலையா போனை அணைப்பான். இது இன்னைக்குக் காலைல அடிச்சுது, உள்ளூர் எண்ணுன்னு எடுக்காம விட்டிருக்காங்க. உயிர் போற நிலைமைல இருந்த போன், விடிஞ்சும் அடிக்குதுன்னா, யாரோ அதுக்கு ராத்திரி பூரா சோறு ஊட்டியிருக்காங்க. ஏன்? அந்த அழைப்பு வரணும். வந்தா எடுத்து, மசீனா வரலைன்னு சொல்லணும். சும்மா எடுக்காம விட்டா ஆபீஸ்காரங்க ஆள் அனுப்புற ஊர்க் கமிட்டிக்குப் பேசுவாங்க, குட்டு வெளிப்பட்டுடும். அழைப்பை எடுக்க ரகசிய எண்ணும் தேவையில்லை. சரி, சுவரில்லாத ஊர்ல, ஒரு போனைக் கரண்ட்ல மாட்டி, யார் கண்ணுலயும் காதுலயும் படாம வைக்க எங்க முடியும்? பூட்டுள்ள கதவு ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியும். சபைக் கோயிலோட சாமான் அறை. சாவி மூப்பர்கிட்ட."

புலோத்துவின் கை, சாவி தொங்கிய இடுப்புத் துணி முடிச்சைத் தொட்டது.

"ஏழு மாசம்," என்றார் அவர், கரகரத்த குரலில். "ஏழு மாசம்னுதான் எல்லாரும் போறாங்க. உன் பொண்டாட்டியும் அப்படித்தானே போனா, ஃபிலெமோனி? வந்தாளா?"

தைமனே திடுக்கிட்டாள். சார்ஜண்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, வலித்தது, அவ்வளவுதான்.

"வரலை," என்றார். "போகாதேன்னு நான் வாயைத் திறந்து ஒரு தடவை கூடச் சொல்லலை. நீயும் சொல்லலை. நான் சும்மா இருந்தேன், நீ திருடினே."

"தெரியும்," என்றாள் மசீனா திடீரென்று. கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள். "கண்ணைத் திறந்தப்பவே தெரியும். உங்க தூண்லேர்ந்து வேற யார் எடுப்பா? நீங்களே கொடுத்துடுவீங்கன்னு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். விடிஞ்சும் கொடுக்கலை. அதுக்கப்புறம்தான் போலீசுக்குப் போனேன்."

புலோத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாயில் கிடந்த பொத்தான் போன் அதிர்ந்தது. நீளமான வெளிநாட்டு எண்.

மசீனா அதை எடுக்கவில்லை. அவள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எசேத்தாவே பொறுக்க முடியாமல், "எடுத்துத் தொலையேன்டி!" என்று கத்தினாள்.

"இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க," என்றாள் மசீனா. "போகவா, வேண்டாமா?"

"பயமா இருக்கு," என்றார் புலோத்து. சபையில் உரக்க ஜெபிக்கும் அந்த மனிதரின் குரல் பக்கத்துத் தூணுக்குக்கூட எட்டவில்லை. "நீ போயிட்டா திரும்பி வர மாட்டியோன்னு பயமா இருக்கு."

மசீனா பொத்தானை அழுத்தினாள்.

"ஆமா, மசீனாதான் பேசறேன். வரேன். நிச்சயமா வரேன்." கண்ணீர் தாடை வரை வழிந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். போறப்பவே திரும்பி வர்ற டிக்கெட்டையும் கையில கொடுப்பீங்களா? எங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டு வரணும்."