இரண்டு இழுப்பு

கத்திரி வெயில் தொடங்கி ஏழாம் நாள், கிணற்றிலிருந்து வாளியை இழுத்துக்கொண்டிருந்த மீனம்மாளின் கையில் கயிறு சுரீரென்று பட்டது.

ஈரக் கயிறு குளிரத்தான் செய்யும். ஆனால் இது ஐஸ் கட்டியை இறுக்கிப் பிடித்த மாதிரி எரிந்தது. உள்ளங்கையைப் பார்த்தாள், குறுக்கே வெளுத்துப்போன ஒரு கோடு. சேரப்பணஞ்சேரியில் அந்த நேரத்துக்கு நாய்கூட நிழலை விட்டு நகராது, ஒரகடம் சாலையில் தார் இளகி பஸ் டயரில் ஒட்டும், ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்பின் ஒலிபெருக்கிகூடத் தொண்டை வறண்டு கரகரத்துக்கொண்டு போனது. அப்பேர்ப்பட்ட மத்தியானத்தில் கயிறு குளிர்ந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாளியை இறக்கினாள். பயம் வரவில்லை. பிப்ரவரியிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை.

பிப்ரவரியில்தான் தந்தி வந்தது. அவள் கணவன் கோதண்டம் பட்டாளத்தில் நாயக். வடக்கே பனிமலைக் காவலில் இருந்தவன் பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டான், உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமலே காரியம் நடந்தது. ஊர் அழுதது, அவள் அழவில்லை. பத்து வருஷக் கல்யாணம், வருஷத்துக்கு இரண்டு மாத லீவு. மற்ற மாதமெல்லாம் அவன் இல்லாமலே இருந்து பழகியவளுக்கு, அப்போது இல்லாததற்கும் இப்போது இல்லாததற்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. லீவில் வந்தால், கதிர் அறுக்கும்போது வெட்டுப்பட்டுக் கோணலாகிப்போன சுண்டுவிரலால் மகள் கங்காவுக்கு வகிடு எடுத்துவிடுவான். யோசித்தால் அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது, முகம் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று காதுபடப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். ஏழு வயது கங்கா இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் வளர்த்துவிட வேண்டும். உலகத்தில் அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

கயிறு வந்தது மார்ச்சில். கோதண்டத்தோடு அதே காவலில் இருந்த வாலாஜாபாத்துக்காரன் ராஜாமணி, லீவில் ஊருக்கு வந்தபோது கோதண்டத்தின் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே போனான். பெட்டியின் அடியில், கம்பளிச் சட்டைக்குக் கீழே, கட்டைவிரல் பருமனில் வெள்ளை நைலான் கயிறு சுருட்டி வைத்திருந்தது. கிணற்றில் தேங்காய்நார்க் கயிறு நைந்துபோயிருந்தது. மாற்றிவிட்டாள். நல்ல பொருளை ஆணியில் மாட்டிவைத்து அழுகிற ஆள் இல்லை அவள்.

மறுநாள் வாளி கனத்தது. பாதி வாளித் தண்ணீருக்கு ராட்டினம் முனகியது. மேலே வந்த வாளியின் விளிம்பில், கல் உப்பு படிந்த மாதிரி, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்து வெயிலில் கரைந்து போனது. அதற்கும் மறுநாள், வாளி அடியில் இருக்கும்போதே கயிறு அவள் கையில் அசைந்தது.

ஒன்று. இரண்டு.

"அம்மா, கெணத்துக்குள்ள யாரோ இழுக்குறாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற கங்கா.

"கல்லுல மாட்டிக்கினு கீது. நீ கெணத்தாண்ட போவாத, சொல்லிட்டேன்."

அடுத்த நாள் காலை ராஜாமணி வந்தான். லீவு முடிந்துவிட்டது, சொல்லிக்கொண்டு போக வந்ததாகச் சொன்னான். ஆள் இளைத்திருந்தான். கொடுத்த தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு நிறுத்தினான்.

"இன்னாண்ணி, தண்ணி இப்டி ஜில்லுனு கீது?"

"கெணத்துத் தண்ணிதான் தம்பி."

அவன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். ராட்டினத்தில் தொங்கிய வெள்ளைக் கயிற்றைப் பார்த்தான். டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"அத்த யாரு அங்க கட்னது?"

"நாந்தான். ஏன்?"

அப்படியே குந்திவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அஞ்சு பேரும் அந்தக் கயித்தத்தான் இடுப்புல கட்டிக்கினு போனோம் அண்ணி. அண்ணன் கடைசி ஆளு. பனி வாயத் தொறந்துச்சு, உள்ள பூட்டாரு. மத்த நாலு பேரும் பிடிச்சிக்கினு படுத்துட்டோம். தூக்க முடியல. ராத்திரி பூரா கீழேர்ந்து ரெண்டு ரெண்டா இழுத்துக்கினே இருந்தாரு. ரெண்டு இழுத்தா, உசுரோட கீறேன்னு அர்த்தம். விடியறப்ப நாங்களும் சறுக்கிக்கினு ஓரத்துக்கு வந்துட்டோம்..."

"அப்பால?"

"நாந்தான் அறுத்தேன். கத்தி வெக்கிறப்பகூட ரெண்டு இழுத்தாரு."

மீனம்மாள் காத்திருந்தாள். கோபமாவது வரும், ஒரு சொட்டுக் கண்ணீராவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"சாப்ட்டுப் போ தம்பி" என்றாள்.

"தூக்கிப் போட மனசு வராம மிச்சத்த நாந்தான் பொட்டில வெச்சேன். மொதல்ல அத்த அவுத்து எரிச்சிடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தான்.

சாயங்காலம் எரித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பில் சோறு கொதித்தது. உச்சி வெயில் ஓட்டின் இடுக்கு வழியாக ஊசி ஊசியாக உள்ளே இறங்க, வியர்வை கழுத்தில் வழிய, கஞ்சியை வடித்துக்கொண்டே கங்காவின் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. ராட்டினம் முனகியது. நின்றது. மறுபடி முனகியது.

பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

வாளி தரையில் கிடந்தது. வெறுங்காலால் மிதிக்க முடியாத கருங்கல் மேல் கங்கா வெறுங்காலோடு நின்றாள். அவள் இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கயிறு. அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருக்க முடியாத, கச்சிதமான பட்டாள முடிச்சு. கயிறு ராட்டினத்தில் ஏறி விறைப்பாகக் கிணற்றுக்குள் இறங்கியது.

"அப்பா ஏறி வர்றாரும்மா. கட்டிக்கச் சொன்னாரு."

குழந்தையின் பாதம் கல்லில் சறுக்கியது. ஒரு சாண். இன்னொரு சாண்.

மீனம்மாள் ஒரு கையால் மகளை வளைத்தாள். மறு கையால் முடிச்சைப் பிடித்தாள். இரும்பாக இறுகியிருந்தது. விரல் மரத்தது. விறகுக் குவியலில் கத்தி இருந்தது. எட்டி எடுத்தாள்.

கயிறு அசைந்தது. ஒன்று. இரண்டு.

அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

கங்காவின் வயிறு சுற்றுச்சுவரில் மோதியது.

கத்தியை வைத்தாள். ஒன்று. இரண்டு.

அறுத்தாள்.

கயிறு ராட்டினத்தில் சரசரவென்று ஓடி உள்ளே மறைந்தது. மகளைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தாள். குழந்தையின் பாதம் ஐஸாக இருந்தது. நாற்பது அடி ஆழம். தண்ணீரில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

"ஏம்மா அறுத்த?" கங்கா அழுதாள். "கிட்ட வந்துட்டாரும்மா."

அப்போதுதான் அவளுக்கு வந்தது. மூன்று மாதமாக வராதது எல்லாம் மொத்தமாக வந்தது. வாய்விட்டு அவன் பெயரைச் சொல்லி அழுதாள்.

சுற்றுச்சுவரின் உள்பக்கமிருந்து நான்கு விரல்கள் வெளியே வந்து, கொதிக்கும் கல்லைப் பிடித்தன. கறுத்த விரல்கள். நகத்தடியில் பனி. வெயில் பட்டும் அது உருகவில்லை.

கோணலான சுண்டுவிரல் கல்லைத் தட்டியது.

ஒன்று. இரண்டு.