சங்கு ஊதாமல் வந்த தோணி

“பொழுது சாயுறதுக்குள்ள பெட்டி மேல வரணும், மதினி! வரலைன்னா நீங்க அந்தத் தீவுல இறங்கிக்கிருங்க. தோணியை நான் பாத்துக்கிறேன்!”

நம்புராசன் இப்படிச் சொன்னதும் தோணியில் அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். பாய்க்கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

உலகநாச்சி பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கரைக்கும் இலங்கைக்கும் நடுவே போகிற பறங்கிக் கப்பல்காரர்கள் அவள் பெயரைக் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரிக்கோ அன்றைக்கு எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது.

கடல் கொள்ளைக்காரர்களுக்குத் தலைவி என்பது தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்குத்தான் பவிசு. புருஷன் சாத்தையா கடலோடு போன நாளிலிருந்து அவள் படுத்துத் தூங்கியதில்லை. பாய்மரத்தை முதுகுக்குக் காவல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கண் அசருவாள். பின்னால் யாரும் வந்துவிடக் கூடாதே! அதிலும் முக்கியமாக, சாத்தையாவின் தம்பி நம்புராசன் வந்துவிடக் கூடாது. அண்ணனுடைய தோணி தம்பிக்குத்தான் என்பது அவன் கட்சி.

அவனுக்கு ஆள் சேர்ந்ததற்கு அவளும் ஒரு காரணம். இந்தப் பருவத்தில் சிக்கிய ஒரே இரை ஓர் அரிசித் தோணி. அது பஞ்சம் பிடித்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். “தர்மம் பண்ணத்தான் கத்தி எடுத்தோமா?” என்று அன்றைக்கே முணுமுணுப்பு கிளம்பியது.

“தங்கம் இருக்கிற பெட்டி இங்கதான் கிடக்கு,” என்றாள் உலகநாச்சி. “போன வாடைக்காத்துல பறங்கிக் கப்பல் இந்தப் பார்ல மோதி உடைஞ்சதை நான் கண்ணால பாத்தேன். ஒருத்தன் பெட்டியை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டே முங்குனான். அதை விட்டிருந்தா பிழைச்சிருப்பான், பாவம்.”

தோணிக்கு அடியில் பவளப் பாறைகள் மேடும் பள்ளமுமாகப் பச்சையாகத் தெரிந்தன. அதைத்தான் அவர்கள் பார் என்பார்கள். அதன் பள்ளமொன்றில் உடைந்த கப்பலின் விலா எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“அப்ப இறங்கி எடுக்கச் சொல்லுங்க!” என்றான் நம்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முத்துக்குளித்துப் பழகியவர்கள் இருவர் தோணியில் இருந்தார்கள். இருவருமே நம்புவின் சேக்காளிகள். என்ன மாயமோ, விடிந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் காதுவலி!

உலகநாச்சி ஒரு பெருமூச்சோடு எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

“அவங்களுக்குக் காது வலிக்குது, எனக்கு முழங்காலு வலிக்குது. முழங்காலு தண்ணிக்குள்ள தேவலை. நானே இறங்குறேன்.”

நம்புவின் சிரிப்பு நின்றுபோனது. சுக்கான் பிடிக்கும் மீராசா பதறிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணன் முறையில் எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தங்கச்சி, வேணாம்! நீ முங்கி எத்தனையோ வருஷமாச்சு. நெஞ்சு தாங்காது. அப்படித்தான் போவேன்னா, கயித்தை என் கையில குடு.”

“இல்ல காக்கா. கயிறு நம்பு கையில இருக்கட்டும்.”

மீராசா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

முத்துக்குளிப்பவனின் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவன் அவனுடைய மச்சினனாகத்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலியை எவனும் நழுவவிட மாட்டான் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு அது. கயிறு பிடித்தவன் தன் ஆளைப் பறிகொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் இருக்கும் தோணியில் ஒருத்தரும் ஏற மாட்டார்கள்.

“பொம்பளை முங்குறதுக்கு வழக்கம் ஏது?” என்றாள் உலகநாச்சி. “எனக்குக் கூடப் பிறந்தவன் இல்ல. இருக்கிறது கொழுந்தன் ஒருத்தன்தான். என்ன நம்பு, பிடிக்கிறியா?”

நம்பு பல்லைக் கடித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் செத்தால் தன் தலைமை ஆசையும் அவளோடு சேர்ந்து செத்துவிடும். மறுத்தாலோ, பயந்தவன் என்று பெயர் வந்துவிடும்! கயிற்றை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

அவனுக்குத் தன் மேல் பாசம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தோணி மேல் ஆசை உண்டு. அந்த ஆசை தன்னைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தாள். கனமான கல்லில் காலை ஊன்றி, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, கடலுக்குள் இறங்கினாள்.

காது அடைத்தது. பச்சை வெளிச்சம் நீலமானது. கல் தரையைத் தொட்டதும் உடைந்த கப்பலின் பலகைகளுக்கு நடுவே புகுந்து தேடினாள். ஒரு விலாங்கு வாயைப் பிளந்து பயமுறுத்தியது. போடா என்று ஒதுக்கிவிட்டு மணலைத் துழாவினாள். இரும்புப் பூண்! பெட்டி!

இரண்டு கையாலும் பற்றி இழுத்துப் பார்த்தாள். அசைந்தது, ஆனால் சுமந்துகொண்டு மேலே போக முடியாது. முறைப்படி மேலே போய், மூச்சு வாங்கி, வேறு கயிறு கொண்டுவந்து கட்ட வேண்டும். ஆனால் இன்னொரு தடவை இறங்க உடம்பில் தெம்பில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் எந்த முத்துக்குளிப்பவனும் செய்யாத காரியத்தைச் செய்தாள். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியில் கட்டினாள். மேலே தூக்கச் சொல்லி வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள்.

பெட்டி ஆடி ஆடி மேலே போனது. பின்னாலேயே தானும் நீந்திவிடலாம் என்று காலை உதைத்தாள். கால் வரவில்லை! பெட்டி நகர்ந்ததில் சரிந்த பலகை ஒன்று அவள் கணுக்காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

குனிந்து பலகையைத் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள். நெஞ்சு எரிந்தது. தலைக்கு மேலே தோணியின் அடிவயிறு கறுப்பாகத் தெரிந்தது. பெட்டி இந்நேரம் நம்புவின் கைக்குப் போயிருக்கும். தங்கம் வந்த பிறகு பழைய வழக்கத்தை யார் நினைக்கப்போகிறார்கள்? எல்லாம் அவனுக்கே கிடைத்துவிட்டது.

அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது, அதுதான் வேடிக்கை. இங்கே யாரும் சோறு கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. பாய்மரம் தேடி முதுகு சாய்க்க வேண்டியதில்லை. அப்படியே கொஞ்சம் கண்ணை மூடினால் என்ன? எவ்வளவு களைப்பு, அம்மா! அவள் கைகள் பலகையிலிருந்து நழுவின.

யாரோ அவள் கொண்டையைப் பிடித்தார்கள். பலகை நகர்ந்தது. வெளிச்சம் அவளை நோக்கி வேகமாக வந்தது.

தோணியின் தளத்தில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினாள். பக்கத்தில் நம்பு நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான். கயிறு அறுத்த மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

“பெட்டி வந்ததும் நாங்க எல்லாரும் கூத்தாடிட்டோம், தங்கச்சி,” என்றார் மீராசா, தலையைக் குனிந்துகொண்டு. “இவன் ஒருத்தன்தான் பெட்டியைப் பாக்கவே இல்ல. ‘ஆளு எங்கடா, ஆளு எங்கடா’ன்னு கத்திட்டுக் குதிச்சுட்டான்.”

பெட்டி திறந்தே கிடந்தது. மஞ்சள் காசுகளும் சிவப்புக் கற்களும் வெயிலில் ஜொலித்தன.

“ஏண்டா குதிச்ச?” என்று கேட்டாள் உலகநாச்சி.

“தெரியல மதினி.” அவன் மணிக்கட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். “கயிறு கையில இருந்த மட்டும் தோணி நினைப்பே வரல. அந்தக் கடைசியில ஒரு உசுரு தொங்குதுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. நீங்க ஒரு முங்கு முங்கி வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு. நீங்க இத்தனை பேர் கயித்தையும் எப்படித்தான் வருஷக்கணக்காப் பிடிச்சுக்கிட்டு இருக்கீகளோ! எனக்கு வேணாம், சாமி. தலைவி நீங்கதான்!”

அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அழுகையாக வந்தது. அழுதாள், எல்லார் முன்னாலும்.

“நம்பு, கரை வர்ற வரைக்கும் தோணியை நீ பாத்துக்க,” என்றாள். பிறகு பாய்மரத்தை விட்டு விலகி, தளத்தின் நட்டநடுவில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். அடுத்த நிமிஷமே குறட்டை கேட்டது.

மறுநாள் காலையில் கரை தெரிந்தது. போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பினால் சங்கு ஊத வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் ஊதக் கூடாது. இது அந்தக் கரையின் முறை. சாத்தையா போன அன்று தோணி சத்தமில்லாமல் வந்ததைப் பார்த்துத்தான் உலகநாச்சி தன் விதியைத் தெரிந்துகொண்டாள்.

மீராசா சங்கை வாயில் வைத்தார். நம்பு பாய்ந்து பிடுங்கினான்.

“காக்கா! தூங்குறாக!”

ஆகவே அவ்வளவு பெரிய கொள்ளையோடு, வெற்றித் தோணி திருடனைப் போலப் பூனை நடையில் கரைக்கு வந்தது. கரையில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். சங்குச் சத்தம் இல்லை. தளத்தின் நடுவில் உலகநாச்சி நீட்டிப் படுத்திருக்கிறாள். அவ்வளவுதான்! நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டார்கள்.

உலகநாச்சி திடுக்கிட்டு எழுந்தாள். “யாருடா செத்தது?”

“யாரும் சாகல மதினி,” என்றான் நம்பு, அசடு வழிய. “நீங்க நல்லாத் தூங்குனீக. எழுப்ப மனசு வரல. இப்ப ஊதவா?”

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் குணத்தையும் கொடையையும், பஞ்சத்து ஊருக்கு அரிசியை விட்டுக்கொடுத்த அந்த மனசையும் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒருத்தி வாயிலிருந்தும் வராத பேச்சு!

“கொஞ்சம் பொறு,” என்றாள். “நல்லாச் சொல்றாளுக. முடிக்கட்டும்.”

அதற்குப் பிறகுதான் சங்கு ஊதினார்கள். அன்றிலிருந்து அந்தத் தோணியில் ராத்திரிக் காவல் நம்புராசனுடையது, தலைமை உலகநாச்சியுடையது. அவள் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். நன்றாகத் தூங்கி எழுந்த தலைவியோடு மல்லுக்கு நிற்க அப்புறம் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.