அரம் வைத்த சாவி

சாவி வழக்கம்போல உள்ளே போயிற்று. திரும்பத்தான் இல்லை.

மகளின் டீச்சர் பள்ளியிலிருந்து கூப்பிட்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று. அவள் போட்டது போட்டபடி ஓடிவந்து காரில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் இறந்து ஐந்து வாரமாக யாரும் தொடாத கார். ஷெட்டின் தகரக் கூரை நண்பகல் வெயிலில் டக் டக்கென்று விரிந்துகொண்டிருக்க, ஏற்றிவிட்ட கண்ணாடிகளுக்குள் ரெக்சின் வேகும் வாடையும் அதற்கு அடியில் இன்னும் காயாத பழைய வியர்வை வாடையும் தேங்கிக் கிடந்தன.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவனுக்கு அவசரம் ஒன்றுமில்லை. கியர் பார்க்கில் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. சாவியை உருவித் துடைத்துப் போடச் சொன்னான். போட்டாள்.

“அப்ப ஸ்டியரிங்தான் பூட்டிக்கிச்சு. ஒரு கையால இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே திருப்புங்கக்கா. முரட்டுத்தனம் வேணாம், கொஞ்சம் தாஜா பண்ணுங்க.”

இதையெல்லாம் அவளே ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மாமனாருக்கு நினைவு தப்பத் தொடங்கியபோது, இனி கார் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். சாவியை ஒளித்துவைத்தால் வீடு இரண்டுபட்டது. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். மாற்றுச் சாவியில் இரண்டு பற்களை அரத்தால் ராவி, அதை அவர் கையில் கொடுத்தாள். உள்ளே போகும், திரும்பாது. “பாரும்மா, திரும்ப மாட்டேங்குது” என்று வந்து நிற்பார். துடைத்துப் போடுங்கள் மாமா, ஆட்டிக்கொண்டே திருப்புங்கள் மாமா என்று சொல்லி அனுப்புவாள். மணிக்கணக்கில் செய்வார். அவளுக்கு வீட்டு வேலை ஓடும். ஒருநாள் தன் விரல்களையே பார்த்தபடி, “என் கைதான் சரியில்ல போல” என்றார். அப்போதும், ஆட்டிக்கொண்டே திருப்புங்கள் மாமா என்றுதான் சொன்னாள்.

கடைசி நாளும் இதே மாதிரி வெயில். அவள் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து வந்தபோது அவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்திருந்தார், சட்டை முழுக்க நனைந்து. கார்க் கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் இறங்க நினைக்கவே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ராவிய சாவி சாக்கடைக்குப் போயிற்று. கணவனுக்குக்கூடத் தெரியாது.

இது நல்ல சாவி. பற்களைத் தடவிப் பார்த்தாள். கூராகத்தான் இருந்தன.

ஆட்டினாள். ஸ்டியரிங் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் தானே இழுத்தது. பூட்டின் பிடிப்பல்ல. தளர்ந்த, பொறுமையான பிடி. ஸ்டியரிங் வளையத்தில், இரண்டு கை பிடித்த மாதிரி இரண்டு இடங்களில் ஈரம்.

போனில் மெக்கானிக் இல்லை. எப்போது வைத்தான்? திரையில் டீச்சரின் அழைப்புகள். மூன்று. இன்னொரு தடவை பார்த்தபோது பதினொன்று. எடுக்க வேண்டும். கை சாவியை விடவில்லை. கதவைத் திறந்து இறங்கினால் போதும். டாக்சி கூப்பிடலாம். ஓடலாம். பிள்ளை காத்திருக்கிறாள்.

இன்னும் ஒரு தடவை.

ஒரே ஒரு தடவை.

ஷெட் வாசலில் வெயில் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது.

செருப்பு இழுபடும் சத்தம். மாமனார் வந்தார். தோளில் மகளின் புத்தகப் பை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மகள், கன்னம் சிவந்து, கண் சொருகி. அவள் காருக்குள்ளிருந்து கத்தினாள். சத்தம் வரவில்லை.

“அம்மா ஏன் தாத்தா உள்ளயே உக்காந்திருக்காங்க?”

அவர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

“அவங்களுக்கு இதுல பொழுது போகுதும்மா. நீ வா.”

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. காரில் அவள் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.