கடைசித் தாளின் ஓரம்

லைடன் நகரில், கால்வாயை ஒட்டிய தம் வீட்டுக்கு ஹெஸ்ஸெல் வேன்ஸ்ட்ரா ஒற்றைத் தாளோடு திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. பனிமூட்டத்தால் அதற்குள் விளக்கேற்ற வேண்டியிருந்தது.

பத்தொன்பது ஆண்டுகளாக அவர் தேடிய தாள் அது. இதயத் துடிப்பைப் பற்றி 1738இல் அச்சான லத்தீன் நூல் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் கறையில்லை, கிறுக்கலில்லை, கடைசித் தாளும் இல்லை. அன்று காலை ஏலத்தில் அதே நூலின் இன்னொரு படி கிடைத்தது. புழு தின்னாமல் அதில் எஞ்சியது கடைசித் தாள் மட்டுமே. அதை வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை ஏலக்கூடத்துக் கணப்பிலேயே போட்டுவிட்டார்.

சனிக்கிழமை பல்கலைக்கழக நூலகக் குழு வருகிறது. அவர் திரட்டிய நானூறு மருத்துவ நூல்களுக்கும் தனி அறை ஒதுக்க அவர்கள் இசைந்திருந்தார்கள். ஆனால், வேறு படியின் தாளைச் சேர்த்து ஒட்டுப்போட்ட படி ஒன்று அகப்பட்டாலும் எதையும் ஏற்க மாட்டார்கள்.

தாளின் ஓரம் முழுவதும் பழுப்பு மையில் சாய்ந்த கையெழுத்து. நாள், எதிரே ஓர் எண்; அதன் கீழே மறுநாள், மற்றோர் எண். நூலை வைத்திருந்த வைத்தியர் எவரோ தம் நாடியைத் தினமும் எண்ணிக் குறித்திருந்தார். எழுபத்திரண்டில் தொடங்கிய வரிசை முப்பத்தொன்றில் நின்றிருந்தது.

“இந்த ஒத்தத் தாள்ல மட்டும் கிறுக்கல் இருந்தா, வேற புஸ்தகத்துலேருந்து எடுத்ததுன்னு உடனே தெரிஞ்சிடும், அக்கா. கழுவணும்.”

நூல் கட்டும் தொழில் செய்யும் அவருடைய அக்கா சீட்ஸ்கே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “செத்தவன் நாடியையே கழுவப் போறியா? அப்புறம் என்ன, கால்வாயையும் கழுவிடேன்.”

வெளுப்பு நீர்த் தொட்டியில் தாளை மிதக்கவிட்டார். அச்செழுத்து நின்றது, கையெழுத்து மறைந்தது. குளோரின் நெடியோடு தாள் கொடியில் உலர்ந்தது.

புதன்கிழமை காலை, எண்கள் திரும்பியிருந்தன.

ஹெஸ்ஸெல் எரிச்சலோடு பெருமூச்சு விட்டார். மையிலுள்ள இரும்பு தாளில் தங்கினால் இப்படி நேர்வதுண்டு. ஆனால், முப்பத்தொன்றுக்குக் கீழே ஒரு புதிய வரி இருந்தது. நவம்பர் 25, 1931. எதிரே அறுபத்தெட்டு.

“உன் வேலையா?”

“எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு! போய் வேலையப் பாருடா.”

அவள் நகர்ந்ததும் தம் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்.

அறுபத்தெட்டு.

மறுபடி கழுவினார். வியாழக்கிழமை ஐம்பத்திரண்டு என்று எழுந்தது. எண்ணிப் பார்த்தார், அதுவும் பிசகவில்லை. மூன்றாம் முறையும் கழுவினார். வெள்ளிக்கிழமை, நாற்பது.

மாடிப்படியின் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. ஒவ்வொரு கழுவலுக்கும் எண் இறங்குவது, உடலியங்கியல் நூல்களோடே வாழ்ந்த அவருக்கு மூன்றாம் முறைதான் உறைத்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

தாளை மேசைமேல் வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனார். அந்தப் படி ஒட்டுப்போட்டது என்று செயலரிடம் ஒப்புக்கொண்டார்.

“அப்ப நாளைக்கு நாங்க வர வேண்டியதில்ல, ஐயா,” என்றார் செயலர். அவ்வளவுதான்.

பத்தொன்பது ஆண்டு உழைப்பு பாழ். ஆனால் இனித் தாளைக் கழுவ வேண்டியதில்லை. அந்த ஆறுதலோடு பாலத்தின் பாதி வரை வந்தபோது மார்புக்குள் ஏதோ நழுவியது போலிருந்தது. கைப்பிடியைப் பற்றி நின்றுவிட்டு, வீடு வந்து சேர்ந்தார்.

குளோரின் நெடி வாசலிலேயே அடித்தது.

“வா, வந்து பாரு,” என்றாள் சீட்ஸ்கே, ஈரக் கையோடு. “மூணு நாளா உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல. நீ மருந்தக் கம்மியாப் போட்டிருக்கடா. நான் ரெண்டு பங்கு போட்டு ஊற வெச்சேன். பால் மாதிரி வெளுத்துடுச்சு!”

கொடியில் தாள் தொங்கியது. ஓரத்தில் ஓர் எண்கூட இல்லை.

ஹெஸ்ஸெல் மணிக்கட்டைப் பற்றினார்.

சுவர்க்கடிகாரத்தில் ஒரு நிமிடம் கடந்தது.

விரலை இடம் மாற்றினார். கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

இன்னொரு நிமிடமும் கடந்தது.

“மரம் மாதிரி நிக்கிற? பட்டாணி சூப் ஆறுதுடா.”

பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. ஆனாலும் நின்றுகொண்டிருந்தார்.

தாளின் ஓரத்தில் பழுப்பு மை மெல்லக் கசிந்தது. அதே சாய்ந்த கையெழுத்து. நவம்பர் 27. எதிரே வெற்றிடம்.

அதன் கீழே இன்னொரு வரி எழுந்தது. அதே நாள். எதிரே எழுபத்தாறு.

தாளைக் கழுவிய சீட்ஸ்கேயின் கைகள் இன்னும் ஈரமாகவே இருந்தன.