விரல் நின்ற முகங்கள்

காலை பதினொரு மணிக்கு ஆல்வினின் போனில் உடையப்பன் வந்து சிரித்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. சித்தையன்கோட்டை உடையப்பன் அவனோடு பள்ளியில் படித்தவன். இரண்டு வருடத்துக்கு முன் திருவிழாவில் எடுத்த படம் அது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. படம் வந்த அந்த ஆப்பில் சேர்ந்த புதிதில் நண்பர்கள் வீட்டு நாய்க்குட்டி வரை ஆல்வினுக்குத் தெரியும். இப்போதெல்லாம் யாரோ அல்வா கிண்டுகிறார்கள், யாரோ ஆடுகிறார்கள், யாரோ லாரி கழுவுகிறார்கள், தெரிந்த முகம் ஒன்றுகூட வருவதில்லை. அதனாலேயே அவன் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தான்.

சாயங்காலம் உடையப்பனின் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, அண்ணன் போயிட்டாருண்ணே. நெஞ்சுவலி. போஸ்டர் அடிக்கணும். படம் அவரு போட்டதுலயே பாத்து எடுத்துக்கங்க."

ஆல்வினின் தொழில் அதுதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், மாடியில் பிளெக்ஸ் கடை. சாவு விழுந்த இரண்டு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி தெருமுனையில் நின்றாக வேண்டும். அழுகிற வீட்டில் படம் தேட யாருக்கு நிதானம் இருக்கும்? ஆப்பில் இறந்தவரின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, நல்ல முகத்தில் விரலை நிறுத்தி, கண் திறந்திருக்கிறதா, சிரிப்பு பொருந்துமா என்று பெரிதாக்கிப் பார்த்து அவனே எடுத்துக்கொள்வான்.

வியாழக்கிழமை கொடைரோடு இனிகோ போனில் வந்தான், மகள் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய படத்தில். வெள்ளிக்கிழமை இனிகோவின் மச்சான் கடைக்கு வந்து தோற்றம், மறைவு தேதிகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஞாயிற்றுக்கிழமை போனில் சண்முகவள்ளி டீச்சர் வந்தார். ஆல்வின் படத்தைச் சட்டென்று தள்ளிவிட்டான். தள்ளியும் பலனில்லை. மறுநாள் காலை டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

மதியம் கரண்ட் போய் பிரிண்டர் பாதியில் நின்றது. அடைத்த கடைக்குள் மையின் காந்தலான வாடையும், கீழே பிரியாணிக் கடையின் நெய் மணமும் கலந்து நிற்க, நெற்றி வரை மட்டும் அச்சான டீச்சரின் முகம் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. எதில் விரல் நிற்கிறதோ அதையே மேலும் மேலும் காட்டும் ஆப் அது. நாலு வருடமாக அவன் விரல் நின்றதெல்லாம் செத்தவர்கள் முகத்தில். ஐயாவுக்கு இதுதான் பிடிக்கும் என்று அது முடிவுகட்டிவிட்டது. பழசையே எத்தனை நாள் காட்டும்? சுடச்சுடத் தர வேண்டாமா?

அடுத்து லிடியா வந்தால்?

மனைவியின் பெயர் மனசில் வந்ததுமே போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். போனைத் திறக்கப் பயம். திறக்காமல் இருக்கவும் பயம். கண்ணை இடுக்கிக்கொண்டு, திரையை ஓரமாகப் பார்த்து, அந்த ஆப்பை அழித்தான்.

லிடியாவின் போனுக்கு அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை.

மறுபடி அடித்தான்.

எடுக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. நின்றது. மறுபடி ஏறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு லிடியா வந்தாள், சாப்பாட்டுக் கூடையோடு.

"வண்டில வந்தேங்க, போன் சத்தம் கேக்கல. ஏன் இப்புடி வேர்த்திருக்கு?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, சோற்றைப் பிசைய உட்கார்ந்தான். அவள் எதிர் ஸ்டூலில் அமர்ந்து போனை எடுத்தாள்.

"அந்த ஆப்ப அழிச்சிரு லிடியா."

"இன்னைக்குத்தாங்க அது உருப்படியா இருக்கு. காலையிலருந்து உங்க படமா வருது."

கை சோற்றிலேயே நின்றது.

"நம்ம கல்யாணம், பாப்பா பொறந்தது, எல்லாம். எம்புட்டு ஒல்லியா இருந்திருக்கீங்க. ஒண்ணு விடாம பாத்துக்கிட்டே வாரேன்."

தள்ளிவிடு என்று சொல்ல வாயைத் திறந்தான். தொண்டையில் மையின் வாடை மட்டும்.

லிடியா சிரித்துக்கொண்டே திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தாள். அவன் முகம் பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது. திரை முழுக்க அவன். அவள் ஆசை தீரப் பார்த்தாள். விரல் நகரவே இல்லை.