கேலரியை மூடும் முன்

உள்விளையாட்டு அரங்கில் புதுக் காவலாளிக்கு அன்று முதல் நாள். கூடவே அவன் மனைவியும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், பெருக்கித் துடைக்க. போன வருஷம் தொண்டையில் நடந்த ஆபரேஷனோடு அவள் குரல் அடியோடு போய்விட்டது. வாயாடியைக் கட்டிக்கொண்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சலித்துக்கொண்ட மனுஷன், இப்போது வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல் ரேடியோவை அலறவிடுகிறான்.

வேலையை விட்டுப் போகிற பழைய காவலாளி மடக்குக் கேலரியைக் காட்டினார். சுவரோரம் படிப்படியாக இருக்கைகள், அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் காலி இடம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மோட்டார் ஓடி, அத்தனையும் சுவருக்குள் ஒடுங்கிவிடும்.

"அழுத்துறதுக்கு முன்னாடி மூணு தட்டு தட்டி, உள்ள யாராவது இருக்கீங்களான்னு கேளுங்க. பதில் வரலைன்னா மூடுங்க."

"இல்லைன்னு பதில் வந்தா?" என்று இவன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை இவன் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

பிற்பகல் ஆட்டக்காரர்கள் போனபின் வியர்வையும் ரப்பரும் கலந்த வாடைதான் மிச்சம். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. மனைவி குளியலறைப் பக்கம் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கேலரியைத் தட்டினான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இல்லைங்க. மூடுங்க."

அவள் குரல். கடைசி எழுத்தை லேசாக இழுக்கும் அதே குரல். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பொத்தானை அழுத்தினான். மோட்டார் உறுமியது. படிகள் நகர்ந்தன.

அப்போதுதான் உறைத்தது.

அவளால் பேச முடியாதே.

அடியில் துடைப்பக்கட்டை இரும்பில் மோதியது.

டக். டக். டக்.

கையை எடுத்தான். ஒரு முழ இடைவெளியில் படிகள் நின்றன. தோளைப் பிடித்து அவளை வெளியே இழுத்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"வா, வீட்டுக்குப் போயிடலாம். இந்த வேலையே வேண்டாம்."

கையைக் கோத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்கள்.

"ஏங்க..."

பின்னால், யாருமில்லாத கேலரிக்கு அடியிலிருந்து.

"என்னை விட்டுட்டா போறீங்க?"

மனைவி அவனை வாசல் பக்கம் இழுத்தாள். பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். அவன் திரும்பி நின்று அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் பிடியிலிருந்து அவன் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.